பெட்டி தேடும் விளையாட்டும் திருகோணமலையும்

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுள் சிலர் இந்த விளையாட்டை அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நீர் புகாத சிறு பெட்டி ஒன்றில் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் சில சில்லறைப் பொருட்களையும் இட்டு, காட்டிலோ கடற்கரையிலோ பூங்காவிலோ ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் வெளியிடுகிறார். முன்பின் அறியாத இன்னொருவர் அந்த இலக்கங்களைத் தம் கருவியில் பதிந்துகொண்டு, நடந்து சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, குறிப்பேட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருகிறார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர்.

இதற்கு ஒரு பிறந்த நாளும் உண்டு. அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். செய்மதிகளின் குறிகளில், பிறர் துல்லியமாகப் பயன்படுத்திவிடாதபடி, வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அப்போது சாதாரண மக்களின் கருவிகள் நூறு மீற்றர் வரை தவறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, அதன் இலக்கங்களை இணையக் குழுமம் ஒன்றில் எழுதினார். புத்தகங்கள், கவண், ஒரு பேணி அவரைக்காய் எனப் பலதும் அந்த வாளியில் இருந்தன. சில நாட்களுக்குள் அதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். இராணுவத்துக்காக விண்ணில் ஏற்றப்பட்ட செய்மதிகள், வாளி தேடும் விளையாட்டுக்கும் உதவத் தொடங்கின.

என் தமக்கையின் மகன் ரொறன்ரோவில் வளர்ந்தவன். விடுமுறை நாட்களில் மலையேறுவதும் பெட்டி தேடுவதும்தான் அவன் பொழுதுபோக்கு. போர் முடிந்து ஊருக்கு வந்த முதற்பயணத்தில், தான் பாவித்த மஞ்சள் நிறக் கைக்கருவியை என்னிடம் விட்டுச் சென்றவனும் அவனே. மாலையில் நடக்கும் பழக்கமுள்ள எனக்கு அது துணையாயிற்று. அண்மையில் அவன் ஒரு மின்னஞ்சலில் கேள்விகளை அடுக்கியிருந்தான். "மாமா, எங்கட ஊரில நான் ஒரு பெட்டி வைக்கலாமா? எங்க வைக்கலாம்? யாரிட்ட அனுமதி கேக்க வேணும்? ஆபத்து ஏதும் இருக்கா?" அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. பிறருக்கும் பயன்படும் என்று தோன்றியதால் அதை விரித்து இங்கே பதிகிறேன்.

முதலில் கருவி. இப்போது தனிக்கருவி கட்டாயமில்லை, கைத்தொலைபேசியே போதும். இருபதாயிரம் கிலோமீற்றருக்கு மேல் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் குறி கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். திறந்த கடற்கரையில் சில மீற்றருக்குள் சரியாகக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும் செங்குத்தான பாறையின் ஓரத்திலும் குறி தடுமாறும். அவ்வாறான இடங்களில் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே முறை.

இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். திருகோணமலை நகரம் வடக்கு 8 பாகை 34 கலை, கிழக்கு 81 பாகை 14 கலை அளவில் இருக்கிறது. அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீற்றர். இந்த விளையாட்டில் கலையை ஆயிரமாகப் பகுத்து எழுதுவார்கள். ஆகவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் நீங்கள் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நகர்ந்துவிடுவீர்கள். கோயில் வாசலுக்கும் கடலில் விழும் பாறை விளிம்புக்கும் இடையில் இருப்பது சில இலக்கங்கள்தான்.

சுவாமி மலைக்கும் இந்தக் கருவிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் கடலுக்குள் மூழ்கி, இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். அதே 1956இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில், கைக்கடிகாரம் அளவான கருவி ஒன்றைக் கொண்டு உலகில் எவரும் தாம் நிற்கும் இடத்தைச் செய்மதிகளின் உதவியால் அறியும் காலம் வரும் என்று குறிப்பிட்டிருக்கிறார். உலகின் முதற் செய்மதி விண்ணுக்குச் சென்றதோ 1957இல்.

நிற்க. மருமகனின் முக்கியமான கேள்விக்கு வருவோம். பெட்டியை எங்கே வைப்பது?

நில அமைப்பை மட்டும் பார்த்தால் இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அமைவது அரிது. போர்த்துக்கேயர் 1624இல் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கைப்பற்றி, 1803இல் பிரட்றிக் கோட்டை என்று பெயர் பெற்ற கோட்டை இருக்கிறது. அதன் வாசலில் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் நிற்கும். நகரின் பழைய இடுகாட்டில், எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பியான கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை இருக்கிறது. 1852இல் பர்மாவில் கொள்ளைநோயில் இறந்தவர். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம். சீனன்குடாவில் ஆங்கிலேயர் காட்டுக்குள் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் எஞ்சிய தொண்ணூற்றொன்பது நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அழிந்த தாங்கியின் உருகிய இரும்பையும் அங்கே காணலாம். அப்பால் கொட்டியாரக் குடா.

ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலியும் ஒரு காவலும் உண்டு. கோட்டைக்குள் படைமுகாம். துறைமுக வாயிலின் ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள். எண்ணெய்த் தாங்கிகள் எரிபொருள் நிறுவனங்களின் வசம். காட்டோரங்களில் யானை. போரின் மிச்சமான கண்ணிவெடிகளை அகற்றும் பணி வடக்குக் கிழக்கில் பல்லாண்டுகளாக நடந்து வருவதால், ஆட்கள் நடமாடிய ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதே என்பது நடப்பவர்களுக்கு முதல் விதி.

இரண்டாவது விதி சொல்லைப் பற்றியது. தமிழில் இந்த விளையாட்டை விளக்கப் புகுந்தால் 'புதையல் தேடுதல்' என்றுதான் வாயில் வரும். இலங்கையில் அந்தச் சொல்லை வெளியே சொல்லாதீர்கள். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி குற்றம். புதையல் தோண்டியோர் கைது என்ற செய்தியை நான் பத்திரிகையில் எத்தனை முறை செப்பனிட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. பெட்டியை மண்ணுள் புதைக்கவே கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி என்று நீங்கள் விளக்கலாம். கையில் கருவியோடு, பழைய கல் ஒன்றின் பக்கத்தில் குனிந்து நிற்பவரின் விளக்கத்தை யார் கேட்பார்கள்? தொல்பொருள் என்ற சொல் எங்கள் மாவட்டத்தில் காணிப் பிரச்சினையின் மறுபெயராகவும் ஆகிவிட்டது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இடம்பெறவில்லை. எந்த மேட்டில் எந்தக் கல் இருக்கிறது என்பது இங்கே விளையாட்டான செய்தி அல்ல.

மூன்றாவதுதான் பெரிது. யாரும் உரிமை கோராத ஒரு பெட்டி.

2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஒருவர் தெருவோரத்தில் வைத்த இத்தகைய பெட்டியைக் குண்டு என்று எண்ணிக் கடைகளை மூடி, படையினரை அழைத்து வெடிக்க வைத்தார்கள். அங்கே அது ஒரு நாளின் வேடிக்கைச் செய்தி. எங்கள் பிள்ளைகளோ முப்பது ஆண்டுகள் வேறொரு பாடத்தைப் படித்து வளர்ந்தார்கள். தெருவில் கிடப்பதைத் தொடாதே, பேருந்தில் உரிமையாளர் இல்லாத பொதியைக் கண்டால் இறங்கி ஓடு, யார் வைத்தது என்று தெரியாததை எடுக்காதே. முன்பின் தெரியாதவர் வைத்தது என்பதற்காகவே தேடிச் சென்று திறந்து பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. ஒருவர் வைத்த பெட்டியில் தீங்கு இருக்காது என்றும், கண்டெடுத்தவர் அதைத் திருடிச் செல்லமாட்டார் என்றும் இரு அந்நியர்கள் ஒருவரையொருவர் நம்பினால்தான் இது நடக்கும். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் இழந்திருந்தோம்.

அது சிறிது சிறிதாகத் திரும்பியதையும் கண்டிருக்கிறேன். போர் முடிந்த சில ஆண்டுகளில், கடற்கரைச் சோதனைச் சாவடி ஒன்றில் என் மஞ்சள் கருவி பிடிபட்டது. சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேக மொகக்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளையாட்டுச் சாமான் என்றேன். நம்பவில்லை. அடையாள அட்டை, பத்திரிகையாளர் அட்டை, தொலைபேசி அழைப்புகள் என்று ஒரு மணித்தியாலம் கழிந்தது. உட்கார வைத்திருந்த வேளையில் அவருடைய ஊரைக் கேட்டேன். மொனராகலைப் பக்கம் என்றார். பையிலிருந்த நிலப்படத்தைப் பார்த்து மொனராகலையின் இலக்கங்களைக் கருவியில் இட்டேன். அம்புக்குறி நேர் தெற்கே திரும்பியது. தூரம் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். அவர் கருவியை வாங்கி, அம்பு காட்டிய திசையில் திரும்பிச் சிறிது நேரம் நின்றார். பிறகு தன் தோழரை அழைத்து அவருடைய ஊரையும் போடச் சொன்னார். எனக்குத் தேநீர் வந்தது.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

ஒளித்து வைப்பது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தபோது, அடியார்கள் சில திருவுருவங்களை மண்ணில் மறைத்தார்கள் என்பது மரபு. 1950இல் நகரத்தில் நீருக்காகக் கிணறு வெட்டியவர்களின் கையில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் அகப்பட்டன. மறைத்தவர்கள் எவரிடமேனும் இடத்தைச் சொல்லியிருப்பார்கள். சொன்னவரும் கேட்டவரும் போனபின், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் யாருக்கும் தெரியாமற் போயிற்று. தேடி எடுத்ததன்று, தண்ணீருக்குத் தோண்டியபோது தற்செயலாகக் கிடைத்தது.

எங்கள் காலத்திலும் இதுவே நடந்தது. ஓடும்போது எல்லாவற்றையும் தூக்கிச் செல்ல முடியாது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், தாலிக்கொடி, பித்தளைக் குத்துவிளக்கு, சில வீடுகளில் தையல் இயந்திரத்தின் தலை என்று வளவுகளில் புதைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! திரும்பிவந்து தோண்டலாம் என்ற நம்பிக்கையில் புதைத்தார்கள்.

குடாவின் தென்கரையில் சம்பூர். 2006 ஏப்ரலில் அங்கிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. நலன்புரி நிலையங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. 2015இல் 818 ஏக்கரும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சிலும் விடுவிக்கப்பட்டபோது மக்கள் திரும்பினார்கள். முன்பெல்லாம் மூதூருக்கும் அப்பகுதிக்கும் போவதென்றால் படகை நம்ப வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழிப் பயணம் எளிதாயிற்று. 2016இன் நடுப்பகுதியில் செய்தி சேகரிக்கப் போன நான், வழக்கம்போல் அந்தக் கருவியையும் கொண்டு போயிருந்தேன்.

அங்கே ஓர் அம்மா தன் வளவைத் தேடிக்கொண்டிருந்தார். தான் பிறந்து வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்ற வளவைத் தேடினார். வீடு இல்லை. வேலி இல்லை. ஒழுங்கை இல்லை. புதரும் சரளை மண்ணும் மட்டும் இருந்தன. என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"ஐயா, இது இடம் காட்டுற சாமான்தானே?"

"ஓம் அம்மா."

"பிஸ்கட் பேணி ஒண்டு தாட்டு வச்சிட்டுப் போனனான். காணி உறுதி, என்ர மூத்தவன்ர சான்றிதழ் எல்லாம் அதுக்குள்ளதான். கிணத்துக் கட்டில நிண்டு வடலியைப் பாத்து ஏழு காலடி. இது காட்டுமோ?"

புதைத்த அன்று யாரேனும் அந்த இடத்தை அளந்து பதிந்திருந்தாலன்றிக் கருவியால் காட்ட முடியாது என்று அவருக்கு விளக்கினேன். ஒருமுறை கேட்டுத் தலையசைத்தார். பிறகு நாங்களும் அவருடைய அயலவர் இருவரும் சேர்ந்து கிணற்றைத் தேடினோம். உச்சி வெயில் சாயும் நேரத்தில், புல்லுக்கடியில் சீமெந்துக் கட்டின் ஒரு வளைவு தென்பட்டது. கிணறு தூர்ந்து கிடந்தது. ஆனால் அது அவருடைய கிணறுதான். கட்டின் ஓரத்தில் கயிறு உராய்ந்து பதிந்த தடத்தை விரலால் தடவிப் பார்த்து உறுதிப்படுத்தினார்.

கிணறு கிடைத்தது. வடலி இல்லை. எந்தத் திசையில் ஏழு காலடி? அவர் ஒரு பக்கம் நடந்து பார்த்தார். நின்றார். திரும்பி வந்து இன்னொரு பக்கம் நடந்தார். "அப்ப எனக்குக் கால் நல்லா எட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். துப்புரவு செய்யப்பட்ட நிலம் என்று தெரிந்த இடத்தில் அயலவர் மூன்று குழிகள் தோண்டினார்கள். பேணி கிடைக்கவில்லை. மேல்மண்ணை இயந்திரம் தள்ளியிருக்கிறது, அதோடு பேணியும் போயிருக்கலாம் என்றார் ஒருவர்.

அம்மா அழவில்லை. கைப்பையிலிருந்து பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தக் கிணத்தின்ர இலக்கத்தை இதில எழுதித் தாங்கோ" என்றார். பாகை, கலை, தசமம் மூன்று இடம் வரை பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:

"இனியும் ஓட வேண்டி வந்தா, இதை வெளிநாட்டில இருக்கிற மகனுக்கு அனுப்பினா, அவன் வந்து நேரே இந்தக் கிணத்தடியில நிப்பானோ?"

நிற்பான் என்றேன்.

மருமகனுக்கு நான் எழுதிய முடிவு இதுதான். எங்கள் ஊரில் பெட்டி வைக்காதே. பெட்டியில்லாமலும் இந்த விளையாட்டை ஆடலாம். 2004இலிருந்து நடைமுறையில் உள்ள ஒரு வகையில், அனுமதி பெற்ற இயற்கை அமைப்பு ஒன்றின் இலக்கங்களை மட்டும் கொடுத்து, அங்கு வந்து பார்த்தவரே விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியை இடுவார்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது எங்கள் கதை. சைவர்கள் இறந்தோருக்கான கடனை அங்கே செய்வது வழக்கம். 2019இல் அந்த இடத்தின் உரிமை குறித்து எழுந்த பிணக்கைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அங்கே நீ கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: ஏழு கிணறுகளில் எதன் நீர் கூடுதல் வெம்மையானது? ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளி ஊற்றிப் பார்த்தால் எந்த இனத்தவருக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.

உலகெங்கும் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. "கிணத்தடியிலிருந்து ஏழு காலடி" என்று நினைவு வைத்திருக்கும் ஒரு தாயோ தந்தையோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர்களோடு அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வளவுக்குச் செல்லுங்கள். கிணற்றடியில் ஒன்று, படலையில் ஒன்று, குலதெய்வக் கல்லடியில் ஒன்று என இலக்கங்களைப் பதியுங்கள். தசமத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின் ஐந்து இடம் வேண்டும், அப்போதுதான் ஒரு மீற்றர் அளவுக்குச் சரியாக வரும். மரத்தை அடையாளமாக நம்பாதீர்கள், மரம் போய்விடும். தொலைபேசியையும் நம்பாதீர்கள், காகிதத்தில் எழுதி உறுதியோடு வையுங்கள். இந்த இலக்கங்களை இணையத்தில் இட வேண்டாம், பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும்.

காலடியை எண்ணிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.